யாருக்கு வழி?

பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் நல்ல சாரதிகள் காக்கும் ஒழுக்கம் ஒன்று உண்டு. ஒடுங்கிய இடத்தில் இரண்டு வாகனங்கள் எதிர்ப்பட்டால், இறங்கி வருபவர் ஒதுங்கி நிற்பார். ஏறி வருபவர் முதலில் போவார். பாரத்தோடு ஏறும் லொறி இடையில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது எத்தனை கடினம் என்பதை மலைநாட்டவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் வழக்கமன்று. 1968ஆம் ஆண்டு வியன்னா நகரில் நிறைவேறிய சர்வதேச வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை இதனை விதியாகவே எழுதியிருக்கிறது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு வீதி விதிகளிலும் இது இடம்பெற்றது. சிரமப்பட்டு வருபவனுக்கு வழிவிடு என்பதே இதன் சாரம்.

நேயர்களே, வீதி விதி என்றதும் பொலிஸாரும் தண்டப்பணமுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், யார் முதலில் போகலாம், யார் காத்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பு ஒவ்வொரு விதிக்குள்ளும் இருக்கிறது. சிவப்பு விளக்கின் வரலாறு, அத்தீர்ப்பு மாறிய வரலாறே எனலாம்.

உலகின் முதலாவது வீதிச் சமிக்ஞை விளக்கு 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்துக்கு அருகே நிறுவப்பட்டது. அதை அமைத்தவர் ஜே. பி. நைட் என்ற ரயில்வே பொறியியலாளர். ரயில் பாதையின் சிவப்பும் பச்சையும் அவர் மூலம் வீதிக்கு வந்தன. மோட்டார் கார் இல்லாத காலம் அது. குதிரை வண்டிகளின் நெரிசலுக்கிடையே நடந்து செல்வோர் பத்திரமாக வீதியைக் கடக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வாயுவால் எரிந்த அவ்விளக்கு சில வாரங்களில் வெடித்து, இயக்கிய பொலிஸ்காரரைக் காயப்படுத்தியது.

ஆக, பிறந்தபோது சிவப்பு விளக்கு பாதசாரியின் துணையாக இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மாறிற்று. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சிவப்பு விளக்கில் காத்து நிற்கும் கார்கள் பெற்றோலை வீணாக்குகின்றன என்ற கணக்கு அமெரிக்காவில் எழுந்தது. அங்கு வாகனங்கள் வீதியின் வலப்பக்கம் ஓடுபவை. ஆதலால் வலப்பக்கம் திரும்புபவர் எதிர்வரிசையைக் குறுக்கறுக்க வேண்டியதில்லை. சிவப்பு எரியும்போதும் நின்று பார்த்துத் திரும்பலாம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் முன்னரே இருந்த இச்சலுகையை, சக்திச் சேமிப்புக்கு மத்திய அரசின் உதவி பெற விரும்பும் மாநிலங்களுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனையாக்கியது. 1980இன் தொடக்கத்தில் மசாசூசெட்ஸ் மாநிலமும் இணங்கியது.

பெற்றோல் மிச்சமானது, ஆனால் பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் மோதுண்பது கூடியதாக 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் கண்டன. காரணம் எளிது. திரும்பும் சாரதியின் கண் இடப்பக்கத்திலிருந்து வரும் கார்கள் மீதே இருக்கும். வலப்பக்கத்தில் கடவையில் கால் வைப்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. நியூயோர்க் நகரம், பலகை அனுமதிக்கும் இடங்கள் தவிர, இச்சலுகையை இன்றும் மறுக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2003இல் அனுமதித்தபோதும் மொன்றியல் தீவை விலக்கியே வைத்தது.

கிழக்கு ஜேர்மனி 1978இல் வேறு வழி கண்டது. தெரிந்தெடுத்த சந்திகளில் பச்சை அம்புக்குறிப் பலகை பொருத்தப்பட்டது. அந்த நாடு மறைந்த பின்னரும் பலகை மறையவில்லை; 1994 முதல் ஜேர்மனி முழுவதற்கும் அது விதியாயிற்று. ஆனால் முழுதாக நின்று, நடப்பவருக்கு வழிவிட்ட பின்னரே திரும்பலாம். இடப்பக்கம் ஓட்டும் சிங்கப்பூரிலும், பலகை உள்ள சந்திகளில் மட்டுமே சிவப்பில் இடப்பக்கம் திரும்ப முடியும்.

இந்தக் கதை புசல்லாவைக்கு எதற்கு என்று கேட்கலாம். இம்மலைகளின் வரலாறே நடந்தவர்களின் வரலாறல்லவா? வேர்ம்ஸ் சகோதரர் இங்கே றொத்சைல்ட் கோப்பித் தோட்டத்தை நிறுவிய காலத்தில் கண்டிக்கு ரயில் இல்லை. அது 1867இல்தான் வந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களுக்கு வழிவிட எந்த விளக்கும் இருக்கவில்லை.

அவர்களுடைய சந்ததியார் இன்றும் இவ்வீதியோரத்தில் நடக்கின்றனர். பாடசாலைக்கும் கடைக்கும் மலைக்கும் போகின்றனர். ஏறுகின்ற லொறியின் சிரமத்தை உணர்ந்து ஒதுங்கத் தெரிந்த சாரதிக்கு, கொழுந்துக் கூடையோடு வளைவில் நடக்கும் பெண்ணின் சிரமமும் தெரியவேண்டும். அவளுக்காகவும் ஒரு கணம் நின்று போவதே அந்த மலைநாட்டு ஒழுக்கத்தின் முழுமையாகும்.