கைபேசிப் பூட்டுக்கு நான்கு எண் போதுமா?

கைபேசி வாங்கும்போது கடைக்காரரே நான்கு எண்ணில் ஒரு பூட்டும் போட்டுத் தந்துவிடுகிறார். பல வீடுகளில் அதுவே கடைசி வரை இருக்கிறது. மாற்றுகிறவர்களும் பிறந்த ஆண்டு, வண்டி எண், இல்லையென்றால் 786-ஐ ஒட்டிய ஏதாவது ஒன்றைத்தான் வைக்கிறார்கள். 786 நமக்குப் பிரியமான எண் என்பது திருடனுக்கும் தெரியும்.

அந்தப் பூட்டுக்குப் பின்னால் வங்கிச் செயலி இருக்கிறது, ஓடிபி வரும் குறுஞ்செய்தி இருக்கிறது, வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. மஹல்லா நிர்வாகத்தில் உள்ளவரின் கைபேசி என்றால், உதவி கேட்டு வந்த குடும்பங்களின் விவரமும் இருக்கும். அது அவர்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

நான்கு இலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் 10,000 மட்டுமே. ஆறு இலக்கத்தில் 10 லட்சம். திரும்பத் திரும்பத் தவறாக அழுத்தினால் கைபேசி காக்க வைக்கும். ஆனால் அந்தக் காத்திருப்பைத் தாண்டிச் செல்லும் கருவிகளும் உண்டு. ஐபோனில் ஒரு முயற்சிக்குச் சுமார் 80 மில்லி விநாடி ஆகும். அந்த வேகத்தில் நான்கு இலக்க எண்கள் அனைத்தையும் கால் மணி நேரத்துக்குள் முயன்றுவிடலாம். ஆறு இலக்கத்துக்குச் சுமார் 22 மணி நேரம். சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு குறிகளுக்கோ ஐந்தரை ஆண்டு!

ஒன்பது புள்ளிகளை இணைக்கும் பேட்டர்னை நானும் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். ஓத வந்த சிறுவன் ஒருவன் அதைக் காற்றில் விரலால் வரைந்து காட்டிய அன்றே மாற்றிவிட்டேன். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது அவ்வளவு எளிது.

ஐபோனில் செட்டிங்ஸ் சென்று 'ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட்' என்பதைத் திறந்து (பழைய மாடலில் 'டச் ஐடி') 'சேஞ்ச் பாஸ்கோட்' அழுத்துங்கள். பழைய எண்ணைக் கொடுத்த பின் புதியதைக் கேட்கும் திரையில் 'பாஸ்கோட் ஆப்ஷன்ஸ்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். பலர் கவனிக்காத இடம் அதுதான். அதில் 'கஸ்டம் ஆல்ஃபாநியூமெரிக் கோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'செக்யூரிட்டி' அல்லது 'லாக் ஸ்கிரீன்', பிறகு 'ஸ்கிரீன் லாக்', அதில் 'பாஸ்வேர்ட்'. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் சற்று மாறும்.

என்ன வைப்பது? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களும் நடுவில் ஓர் எண்ணும். 'முருங்கை47சைக்கிள்' என்பதை ஆங்கில எழுத்தில் அடிப்பது போல. (இதையே வைத்துவிட வேண்டாம்!) பெரியவர்களுக்கு எழுத்து சிரமமென்றால் எட்டு இலக்க எண்ணாவது வைத்துக் கொடுங்கள். யுபிஐ பின்னும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது.

விரல் ரேகை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ரேகை பொருந்தாவிட்டால் கைபேசி பாஸ்கோடைத்தான் கேட்கும். அணைத்து மீண்டும் இயக்கினாலும் அப்படியே. திருடுபவன் முயல்வதும் அதைத்தான்.

மறந்துவிடுவோமோ என்ற அச்சம் நியாயமானதே. மறந்தால் பெரும்பாலும் கைபேசியை முழுவதும் அழித்துத்தான் திறக்க முடியும். ஆகவே முதலில் பேக்கப் எடுங்கள். உம்ரா பயணத்துக்கு முந்தைய இரவில் மாற்றாதீர்கள். ஐபோனில் ஐஓஎஸ் 17 முதல், மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடைக் கொடுத்துப் புதியதை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். அதுவரை புதியதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருங்கள்.