ப்ராசசர் தெர்மல் பேட்: கழற்றலும் மாற்றலும்

மேசைக் கணினியின் ப்ராசசருக்கும் அதன்மேல் உட்காரும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய பட்டைதான் தெர்மல் பேட். இரண்டு உலோகப் பரப்புகள் பார்வைக்கு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அவை ஒன்றையொன்று தொடுவது சில நுண்ணிய மேடுகளில் மட்டுமே. மிச்ச இடமெல்லாம் காற்று. வெப்பம் கடத்தும் திறனில், ஒரு மீட்டர்-கெல்வினுக்கு, செம்பு 400 வாட். அலுமினியம் சுமார் 237. காற்று வெறும் 0.026. அந்தக் காற்றை வெளியேற்றுவதற்காகத்தான் பேடோ பேஸ்ட்டோ வைக்கிறார்கள். ஹீட் சிங்க்கை ஒருமுறை தூக்கிவிட்டால் பழைய பேடின் படிவம் கலைந்துவிடும். அதையே மறுபடி வைத்து அழுத்தினால் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். எனவே தூசி தட்டுவதற்காகக் கழற்றியிருந்தாலும் புதியது போட்டே ஆக வேண்டும்.

கணினிக்கு முன்பே இந்த ஏற்பாடு பவர் டிரான்சிஸ்டர்களில் பழகிப்போன ஒன்று. 2என்3055 டிரான்சிஸ்டரை அலுமினியத் தகட்டில் திருகும்போது நடுவே மைக்கா வில்லை வைத்து, அதன் இருபுறமும் துத்தநாக ஆக்சைடு கலந்த வெள்ளைச் சிலிக்கோன் பசையைத் தடவுவார்கள். டிரான்சிஸ்டரின் உலோக உடலே கலெக்டர் என்பதால் மின்சாரத்தைத் தடுக்க மைக்கா. இடைவெளியை அடைக்கப் பசை. ஆம்ப்ளிஃபயர் கட்டியவர்களின் சட்டையிலும் மேசையிலும் அந்த வெள்ளைக் கறை போகவே போகாது.

ஆரம்பகாலத் தனிநபர் கணினிகளில் ப்ராசசர் மொட்டையாகவே இருந்தது. 1992இல் 66 மெகாஹெர்ட்ஸில் வந்த இன்டெல் 486 டிஎக்ஸ்2 ஹீட் சிங்க்கைப் பரவலாக்கியது. 1993இல் 5 வோல்ட்டில் ஓடிய முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பத்தைக் கக்கியது. ஃபேன் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்பது அதோடு உறுதியானது.

பேடின் பொற்காலம் என்றால் அது ஏஎம்டி அத்லானின் காலம்தான். 2000இல் வந்த தண்டர்பேர்டு வகை அத்லான், 462 ஊசிகள் கொண்ட சாக்கெட் ஏ-யில் அமர்ந்தது. மேலே உலோக மூடி கிடையாது. சுமார் 120 சதுர மில்லிமீட்டர் சிலிக்கன் சில்லு அப்படியே வெளியில் தெரியும். 1.4 கிகாஹெர்ட்ஸ் மாடல் அந்தச் சின்ன பரப்பிலிருந்து 72 வாட் வரை வெளியேற்றியது. ஹீட் சிங்க் சாய்ந்து சில்லின் மூலை உடையாமல் இருக்க நான்கு பக்கமும் வட்டமான ரப்பர் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் உடைந்தது. ஹீட் சிங்க்கைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திச் சாக்கெட்டின் கொக்கியில் மாட்ட வேண்டும். கை வழுக்கினால் டிரைவரின் முனை மதர்போர்டில் கோடு கிழித்துவிடும்.

அந்த ஹீட் சிங்க்குகளின் அடியில் இளஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறத்திலோ ஒட்டியிருந்த சதுரம்தான் நிலைமாறும் பேட். மெழுகில் வெப்பக் கடத்தித் தூளைக் கலந்து செய்தது. அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும்; 50–60 டிகிரியில் இளகி, கிளிப்பின் அழுத்தத்தில் மெல்லிய படலமாகப் பரவும். அதன்மேல் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து பொருத்துவது அன்றைக்கும் இன்றைக்கும் நடக்கிற கூத்து. நாள்பட்ட பயன்பாட்டுக்கு இந்தப் பேடையே ஏஎம்டியின் வழிகாட்டி பரிந்துரைத்தது. பேஸ்ட்டை அடிக்கடி கழற்றிமாட்டும் சோதனைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. காரணம், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது உலோகம் விரிந்து சுருங்கிப் பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். வெள்ளித்தூள் கலந்த ஆர்க்டிக் சில்வர் போன்ற பேஸ்ட்டுகளை வாங்கிய ஆர்வலர்கள் இந்த அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில டிகிரிக் குறைவுக்காக நல்ல பேடைச் சுரண்டி எறிந்தார்கள்.

2001இல் தாமஸ் பாப்ஸ்டின் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் வெளியிட்ட வீடியோ இந்தத் துறையில் மறக்க முடியாதது. குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கைக் கழற்றி எடுத்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் 3 அப்படியே நின்றுபோனது. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. தண்டர்பேர்டின் சில்லுக்குள் வெப்ப உணரியே இல்லை. மதர்போர்டு சாக்கெட்டின் அடியில் இருந்து ஊகித்துச் சொல்லும் அளவுக்காகக் காத்திருக்க அதற்கு நேரமில்லை.

மூடி போட்டு வந்த பென்டியம் 4 வேறொரு தொல்லையைக் கொண்டுவந்தது. சாக்கெட் 478இல் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கும். பக்கத்து நெம்புகோலை இறக்கினால் சாக்கெட் அவற்றைக் கவ்வும். ஆனால் ஹீட் சிங்க் உட்கார்ந்தபின் நெம்புகோலைத் தூக்க முடியாது. ஆறிய மெழுகுப் பேடின் பிடியோ சாக்கெட்டின் கவ்வலைவிட வலுவானது. ஹீட் சிங்க்கை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே ப்ராசசர் அதோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும், ஊசிகள் வளையும். 2017இல் 1331 ஊசிகளோடு வந்த ஏஎம்டி ரைசனின் ஏஎம்4 சாக்கெட்டிலும் இதே கதைதான். வளைந்த ஊசியை மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனைக்குள் நுழைத்து நிமிர்த்துவது ரிப்பேர் கடைகளின் பழைய உத்தி. ஒருமுறை நிமிர்த்தலாம், மறுபடி வளைத்தால் ஒடியும்.

ஆகவே மாற்றும் வேலையில் கவனம் வேண்டியது கழற்றும்போதுதான். கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கிய கையோடு பூட்டுகளை விடுவிக்க வேண்டும். இன்டெல் பெட்டியோடு வரும் ஹீட் சிங்க்கில் நான்கு அழுத்து ஊசிகள் இருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பினால் விடுபடும். பிறகு ஹீட் சிங்க்கைத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். பிடி தளர்வது கையிலேயே தெரியும். அதன்பிறகே தூக்கலாம். பழைய பேடைப் பிளாஸ்டிக் அட்டையால் வழித்துவிட்டு, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காபி வடிதாளாலோ நூல் உதிராத துணியாலோ துடைக்க வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெய் கலந்த வகைகள் உண்டு என்பதால் அது வேண்டாம். துடைத்த பரப்பை விரலால் தொட்டுப் பார்ப்பவர்கள் மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

புதிதாக எதை வைப்பது என்பதில் பெரிய குழப்பம், கடையில் தெர்மல் பேட் என்ற பெயரிலேயே விற்கும் அரை மில்லிமீட்டர் முதல் 3 மில்லிமீட்டர் வரையிலான சிலிக்கோன் பட்டைகளால் வருகிறது. அவை எஸ்எஸ்டிக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரிக்கும் உரியவை. 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 100 வாட் சமமாகக் கடப்பதாகக் கணக்குப் போட்டால், 6 வாட் திறனுள்ள ஒரு மில்லிமீட்டர் பட்டையின் இரு முகங்களுக்கிடையே சுமார் 17 டிகிரி வித்தியாசம் விழும். 5 வாட் திறனே உள்ள பேஸ்ட், 50 மைக்ரான் படலமாக இருந்தால், 1 டிகிரி. உண்மையில் வெப்பம் சில்லின் நேர்மேலே குவிவதால் பட்டையின் நிலை இன்னும் மோசம். பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிடத் தடிமனே தீர்மானிக்கிறது.

பேடுக்குப் பதில் பேஸ்ட் வைக்கலாம். இன்று பெரும்பாலோர் செய்வது அதுதான். நடுவில் பட்டாணி அளவு போதும். கொஞ்சம் கூடினால் ஓரத்தில் வழியும், அவ்வளவே, குறைந்தால்தான் கெடுதல். மின்சாரம் கடத்தாத பேஸ்ட்டுக்கே இது பொருந்தும். காலியம் கலந்த திரவ உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் ஷார்ட் ஆகும். சாதாரணப் பயனருக்கு அது தேவையே இல்லை. பற்பசை வைத்துப் பார்க்கிறவர்கள் நீர் வற்றும்வரை சந்தோஷப்படலாம்.

பொருத்தும்போது திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். மெழுகுப் பேட் முதல் சில சூடேற்றங்களுக்குப் பிறகே முழுமையாகப் பரவும் என்பதால் முதல் நாள் அளவை நம்ப வேண்டியதில்லை. அறையின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ப்ராசசரும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். மார்கழியில் எடுத்த அளவைச் சித்திரையில் எடுத்ததோடு ஒப்பிடுவது வீண். ரைசன் 7000 வரிசை முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டது. அதைப் பார்த்துப் பேட் கெட்டுவிட்டதாக முடிவுகட்டக் கூடாது. வெப்பநிலை முன்பைவிட ஏறாதவரை ஆண்டுதோறும் மாற்றும் பழக்கமும் தேவையற்றது.

இப்போதைய நிலை: 45 டிகிரி அளவில் இளகும் ஹனிவெல் பிடிஎம்7950 தாள் லேப்டாப்களிலிருந்து மேசைக் கணினிக்கும் பரவியிருக்கிறது, மீண்டும் பயன்படுத்தக்கூடிய, ஆனால் மின்சாரம் கடத்தும் கிராஃபைட் தாள்களும் கிடைக்கின்றன, 2022இன் ஏஎம்5 சாக்கெட்டில் ஊசிகள் போர்டுக்கு மாறி, ப்ராசசரை உலோகச் சட்டம் பிடித்துக்கொள்வதால் பிடுங்கி வரும் தொல்லை நின்றது, 2021இன் இன்டெல் எல்ஜிஏ 1700இல் அந்தச் சட்டமே மூடியை லேசாக வளைப்பதால் மாற்றுச் சட்டங்கள் விற்பனைக்கு வந்துள்ளன.