சாக்குப் போர்வை: சயாம் மரண இரயில் பாதையின் இரவுகள்



பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வாரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓர் ஐயத்தோடு வந்தான். அவன் குடும்பத்தினர் கேமரன் மலையில், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேரவன் வண்டியில் ஓரிரவு தங்கினார்களாம். "வெளியே மழை இல்லை, ஐயா. ஆனாலும் உள்ளே சுவரெல்லாம் ஈரமாக இருந்தது. சுவரோரம் படுத்த எனக்குக் குளிர் தாங்கவில்லை. ஏன்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும். பகலில் விரைவில் சூடேறும் மெல்லிய உலோகத் தகடு, இரவில் விரைவில் குளிர்ந்தும் விடும். உள்ளே உறங்குவோரின் மூச்சில் கலந்துள்ள நீராவி அக்குளிர்ந்த தகட்டில் பட்டு நீர்த்துளியாகிறது. ஆகவே சுவரை விட்டு விலகிப் படுக்க வேண்டும். அடியில் தடித்த விரிப்பு வேண்டும். உலர்ந்த ஆடை வேண்டும். காற்று வெளியேற வழியும் வேண்டும். மூடிய வண்டிக்குள் கரியடுப்பு மூட்டுவது மட்டும் ஆகவே ஆகாது. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். கேமரன் மலையில் 1978 பிப்ரவரி முதல் நாள் வெப்பநிலை 7.8 பாகை செல்சியசுக்கு இறங்கியது என்றும், நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே என்றும் சொன்னபோது மாணவர்கள் வியந்தனர்.

பாடம் முடிந்தது. எனக்கோ மற்றோர் இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி என் தாத்தா சொன்னதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் தாத்தா குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். சப்பானியப் படை 1941 டிசம்பர் 8 ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி அரிதாயிற்று. துணிப் பஞ்சம் அதனினும் கொடிது. உடுத்தத் துணியின்றிச் சாக்கைத் தைத்து அணிந்த குடும்பங்கள் பல. அந்நிலையில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு ஆள் சேர்த்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். அதற்குப் பிறகும் ஆள் போதவில்லை. தோட்டத்திற்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். இறுதியில் பிடித்துக்கொண்டே போனார்கள். தாத்தா 1943 ஆம் ஆண்டில் போனவர்.

ஏற்றிச் சென்றவை சரக்கு இரயில் பெட்டிகள். அதே பாதைக்கு அனுப்பப்பட்ட போர்க்கைதிகளின் நினைவுக் குறிப்புகள், ஏறத்தாழ பதினெட்டு அடி நீளமும் எட்டு அடி அகலமும் கொண்ட எஃகுப் பெட்டியில் முப்பது பேர் வரை அடைக்கப்பட்டதைச் சொல்கின்றன. மாணவர்களிடம் இதைக் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். மொத்தம் 144 சதுர அடி. ஆளுக்கு ஐந்து சதுர அடிகூட வராது. எல்லாரும் ஒரே நேரத்தில் படுக்க இயலாது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட வண்டிகள் ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமட் எனும் நம் ஊர்களைக் கடந்துதான் வடக்கே சென்றன. சயாமில் உள்ள பான்போங் வரை ஏறக்குறைய ஐந்து நாள் பயணம்.

"பகலில் தகட்டைத் தொட முடியாது, இரவில் அதில் சாய முடியாது" என்பார் தாத்தா. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைப்பார்கள். இரவில் அதன் வழியே பனிக்காற்று புகும். வயதில் சிறியவர்களை நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் முறை மாற்றிச் சுவரோரம் இருந்தார்களாம். யாரும் கட்டளையிட்டு நடந்த ஏற்பாடு அன்று. மாணவனுக்கு நான் சொன்ன அறிவியலை, எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் உடலால் அறிந்திருந்தார்கள்.

காட்டில் இறங்கிய பின் நிலைமை இன்னும் மோசம். மூங்கில் கம்பங்களின் மேல் அத்தாப்பு வேய்ந்த நீண்ட குடிசைகள். பிளந்த மூங்கிலே படுக்கை. 1943 மே மாதம் பருவமழை தொடங்கியதும் கூரைகள் ஒழுகின. ஈரம் உடல் வெப்பத்தை உறிஞ்சும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். பசியால் மெலிந்த உடலோ தானே வெப்பம் உண்டாக்கும் ஆற்றலை இழந்திருக்கும். அதன்மேல் மலேரியா. காய்ச்சல் ஏறும்போது பற்கள் கிட்டிக்கும் அந்த நடுக்கத்தை, கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். வெப்பமண்டலக் காட்டில் மனிதன் குளிரில் நடுங்கிச் செத்தான் என்றால் இக்காலப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

கையில் இருந்த போர்வை அரிசிச் சாக்கு ஒன்றுதான். இரவெல்லாம் குடிசையோரம் நெருப்பு எரியும். சாக்கைக் காய்ச்சி, சூடு ஆறுமுன் போர்த்திக்கொண்டு உறங்க முயல்வார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது, அம்மா வாங்கிக் கொடுத்த நல்ல கம்பளியை மடித்து வைத்துவிட்டுத் தாத்தா சாக்கைத்தான் காலில் போட்டுக்கொள்வார். நாங்கள் கேலி செய்வோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், முதியவர் ஒருவரிடம் வாழ்க்கை வரலாறு கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். அப்போதுதான் அவரிடம் காரணம் கேட்டேன்.

அவர்கள் குடிசையில் ஒருவருக்கு மலேரியா நடுக்கம் வந்ததாம். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சாக்கை அவர்மேல் போட்டுவிட்டு, நெருப்போரம் விடியவிடிய உட்கார்ந்திருந்தார்கள். விடியுமுன் அவர் இறந்துவிட்டார். "மறுநாள் இரவு எங்களுக்கும் குளிருமே. அவர்மேல் கிடந்த சாக்கை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். போட்டபோது கை கூசவில்லை, எடுத்தபோது கூசியது" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வரலாறு கற்பிக்கும் நாம் இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். போர்க்கைதிகளும் அதே மழையில்தான் நனைந்தார்கள். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட 'எஃப்' படைப்பிரிவின் 7,000 பேர், பான்போங்கிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டார்கள். 3,000க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அவர்கள் துன்பத்தை நாம் குறைத்துப் பேசலாகாது. எனினும் அவர்களிடையே அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், யார் எங்கே இறந்தார் என்று மறைத்தேனும் குறித்துவைக்க ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. அவர்களுக்குச் சிகிச்சையளிக்கக் கைதி மருத்துவக் குழுக்கள் சில அனுப்பப்பட்டதே 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அதற்குள் வாந்திபேதி பரவிவிட்டது.

பாதை 1943 அக்டோபர் 17 ஆம் நாள் இணைந்தது. இறந்த போர்க்கைதிகள் ஏறக்குறைய 13,000 பேர். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 வரை என்பது மதிப்பீடு. அவர்களுள் நம் தமிழர் பெருந்தொகையினர். காஞ்சனாபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகள் வரிசையாக உறங்குகிறார்கள். நம்மவர்க்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை கிடையாது. 13,000 என்பது எண்ணிச் சொன்ன கணக்கு. 80,000 முதல் 100,000 வரை என்பதோ குத்துமதிப்பு. இடையில் தொங்கும் அந்த 20,000 பேரும் யாரோ ஒருவரின் தாத்தா அல்லரோ?

நம் எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்ற புதினம் இக்கதையை நம் இலக்கியத்தில் நிலைநிறுத்தியது. ஆனால் நூலுக்குள் வராத குடும்பக் கதைகள் இன்னும் எத்தனையோ. போய் வந்தவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் இப்போது வயதாகிவிட்டது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்று கேட்டால் பெரியவர்களுக்குப் பதில் தெரியாமல் போகலாம். "தாத்தா அங்கே இரவில் எதைப் போர்த்திக்கொண்டாராம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் இருக்கும். ஊர், தோட்டம், பெயர் ஆகியவற்றோடு அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தாத்தாவின் சாக்கு இப்போது எங்களிடம் இல்லை. அவர் இறந்த வாரத்தில் வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய குப்பையோடு குப்பையாக எரித்துவிட்டோம். அதன் கதை தெரிந்திருந்தவன் நான் ஒருவனே. அன்று நான் அதை எடுத்து வைக்கவில்லை. அதனால்தான் இன்று எழுதி வைக்கிறேன்.