காணாப் பொருளா, திருந்த வேண்டிய விதியா? – விண்மீன் திரள்களின் இயக்கம் குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

கணித்த இயக்கமும் கண்ட இயக்கமும் மாறுபடும்போது வானியலார்க்கு இரு வழிகள் உள்ளன: புலப்படாத பொருள் ஒன்று உண்டெனக் கொள்ளுதல், ஈர்ப்பு விதியைத் திருத்துதல். இரண்டிற்கும் வரலாற்றில் சான்றுண்டு. யுரேனசின் பாதைப் பிறழ்ச்சியிலிருந்து லெவெரியே கணித்த இடத்திற்கு அருகிலேயே 1846இல் நெப்டியூன் காணப்பட்டது. புதனின் பாதையிலும் விளக்கப்படாத சிறு பிறழ்ச்சி இருந்தது. அதற்கெனக் கருதப்பட்ட வல்கன் என்னும் கோளோ இறுதிவரை கிட்டவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடே அப்பிறழ்ச்சியை விளக்கிற்று. கரும்பொருள் இவ்விரண்டில் எவ்வகையினது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கரும்பொருள் கருத்தின் வளர்ச்சி

கோமா கொத்திலுள்ள திரள்களின் வேகத்திற்குப் புலப்படும் பொருளின் ஈர்ப்பு போதாது என்று 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி காட்டினார். அக்கருத்து நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை விரிவாக அளந்தனர். ஒளி மங்கும் விளிம்பிற்கு அப்பால் சுழல்வேகம் குறைதல் வேண்டும். ஆயின் அடுத்துவந்த ஆண்டுகளின் ரேடியோ அளவீடுகளில் அது ஏறத்தாழ மாறாமல் நீண்டது. புலப்படாப் பொருள் சூழ்ந்திராவிடில் தட்டுவடிவத் திரள்கள் நிலைகுலையும் என 1973இல் ஆஸ்ட்ரைக்கரும் பீபிள்சும் கணிப்பொறி வழி நிறுவ முற்பட்டனர்.

மாற்று விளக்கம்

மிகக் குறைந்த முடுக்கத்தில் நியூட்டன் விதி மாறுகிறது என்பது மோர்டெகாய் மில்குரோம் 1983இல் முன்வைத்த கருதுகோள். இதனை எளிதில் புறந்தள்ள இயலாது. ஒரே மாறிலியைக் கொண்டு பல திரள்களின் சுழற்சியை அது விளக்குகிறது. 2016இல் 153 திரள்களை ஆராய்ந்தோர், புலப்படும் பொருளுக்கும் முடுக்கத்திற்கும் இடையே நெருங்கிய தொடர்பைக் கண்டனர். எனினும் திரள் கொத்துகளில் இவ்விதியைக் கொண்டும் பொருள் பற்றாக்குறை எஞ்சுகிறது. 2006இல் ஆராயப்பட்ட புல்லட் கொத்தில், புலப்படும் பொருளின் பெரும்பகுதியான வெப்ப வாயு ஓரிடத்தும், ஒளிவளைவு காட்டும் நிறை வேறிடத்தும் உள்ளன. அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் அளவீடுகளும் கரும்பொருளுக்கே வலுச்சேர்க்கின்றன.

முடிவுரை

சுழற்சி அளவீடுகளே கரும்பொருளுக்குத் தலையாய சான்று எனக் கூறுவது வழக்கம். அவற்றை மட்டும் கொண்டால் இரு விளக்கங்களும் நிற்கும். தராசைச் சாய்ப்பவை திரள் கொத்துகளும் பின்னணிக் கதிர்வீச்சுமே. ஆகவே கரும்பொருள் தேவை என்னும் முடிவு வலுவுடையது. ஆயினும் அதன் துகள் எந்த ஆய்வுக்கூடத்திலும் இன்னும் உறுதியாகப் பிடிபடவில்லை. நெப்டியூன் கணக்கில் தோன்றிப் பின் கண்ணில் பட்டது. கரும்பொருள் இன்றும் கணக்கின் நிலையிலேயே உள்ளது.