யாமையின் காவலர்

அகநானூற்றின் 160ஆம் பாடலில் கடலாமை ஒன்று வருகிறது. குமுழி ஞாழலார் நப்பசலையார் பாடிய அந்த நெய்தற் பாடலில், சூல் முதிர்ந்த பெண் ஆமை அடும்பங்கொடியைச் சிதைத்து, மணலில் முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. முட்டையின் உருண்ட வடிவமும் புலால் நாற்றமும்கூடப் புலவரின் கவனத்துக்குத் தப்பவில்லை. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை அவற்றைக் காத்துநிற்கும் என்றும் பாடல் சொல்கிறது.

கடற்கரையை இவ்வளவு கூர்ந்து கண்டவர் இவ்வொன்றில் மட்டும் இயற்கையை விட்டு விலகுவதை நாம் காண்கிறோம். சென்னைக் கரைக்கு ஆண்டுதோறும் வரும் பங்குனி ஆமையை எடுத்துக்கொள்வோம். ஆலிவ் ரிட்லி என்று உலகம் அழைப்பது இதனையே. பெண் மட்டுமே இரவில் கரையேறுகிறது. பின்கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடிக் குழி தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆண் கரைக்கு வருவதே இல்லை. 45 முதல் 60 நாட்கள் அம்முட்டைகளுக்கு மணலின் வெம்மையே துணை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது: குளிர்ந்த மணலில் ஆண்கள் மிகும், சூடேறிய மணலில் பெண்கள் மிகும்.

அப்படியாயின் காவல் என்பது வெறும் கற்பனைதானா? சென்ற நூற்றாண்டின் வரலாறு இதற்கு எதிர்பாராத விடை தருகிறது. 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த நண்பர்களும் இரவுகளில் கரையோரம் நடந்து, நாய்களுக்கும் மனிதருக்கும் முன்னதாக முட்டைகளைக் கண்டெடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்தனர். 1988இல் தோன்றிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்நடையைத் தொடர்ந்தது. தெருவிளக்கின் ஒளியில் மயங்கி ஊர்ப்பக்கம் திரும்பும் குஞ்சுகளுக்கும் அதனால் கடல் கிடைத்தது. புலவர் ஆண் ஆமைக்கு அளித்த கடமையை மனிதர் ஏற்றுக்கொண்டனர் எனலாம்.

ஆனால் இக்காவல் அலை தொடும் இடத்தோடு நின்றுவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னையையும் அதன் அண்டைக் கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத்திணறியதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. கடலில் வாழ்ந்தாலும் ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. மேலே வர வழியில்லையேல் மூழ்கிச் சாகும். முட்டையிடும் பருவத்தை அடைய அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகும் என்பதால், ஒரு தாயின் இழப்பைச் சில நூறு குஞ்சுகளால் ஈடுசெய்ய இயலாது.

வலைக்குள் கம்பித்தடுப்பு ஒன்றைப் பொருத்தி, ஆமை வெளியேறத் திறப்பு வைக்கும் முறை உண்டு. அவ்வழியே மீனும் போய்விடும் என்று மீனவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அவர்கள் பிழைப்பைச் சார்ந்தது. அதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் அவர்கள் கையும் சேராமல் இந்தக் காவல் முழுமை பெறாது.