புது இயந்திரமும் முதல் எண்ணெயும்

தென்கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்களுக்கு டாலிகஞ்ச் புதிய பெயரன்று. 1770களில் தூர்ந்துகிடந்த ஆதிகங்கையைத் தோண்டிச் சீர்படுத்திய மேஜர் வில்லியம் டாலியின் நினைவாக எழுந்த பெயர் அது. 1986இல் பாதாள ரயில் அங்கு வந்து சேர்ந்தது. ரயிலை விட்டு இறங்கியவரைத் தெருமுனைவரை கொண்டுசேர்ப்பதோ ஆட்டோ. அதன் சிறிய இயந்திரத்தில் நிகழ்ந்த ஒரு மாறுதலை இங்கு ஆராய்வோம்.

முன்னாளில் அவ்வண்டிகளில் இருந்தது டூ-ஸ்ட்ரோக் இயந்திரம். அதற்கென எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலுடன் கலந்த மசகெண்ணெயே உள்ளே சென்று, உராயும் உறுப்புகளை நனைத்து, எரிந்து, நீலப் புகையாக வெளியேறும். வண்டி புதிதாயின் முதல் சில நாட்களுக்கு எண்ணெயைச் சற்றே மிகுதியாகக் கலப்பர். எண்ணெய் மாற்றுதல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இயந்திரத்தின் கழிவைச் சுமந்தது ஊராரின் மூச்சு. கலப்பட எரிபொருளான ‘காட்டா தேல்’ அத்தீமையைப் பெருக்கிற்று.

2008இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் பயனாக, 2009இல் பழைய ஆட்டோக்கள் விலக்கப்பட்டன. எரிவாயுவில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. 1876இல் ஜெர்மானியர் ஆட்டோ செய்துகாட்டிய நான்கு அசைவு முறையே இதன் அடிப்படை. இவ்வியந்திரம் தன் மசகெண்ணெயைத் தன்னகத்தே வைத்துக்கொண்டு சுழற்றுகிறது. ஆகவே, அதில் சேரும் அழுக்கும் உள்ளேயே தங்குகிறது.

புது இயந்திரத்தில் அழுக்கு எங்கிருந்து வரும் என வினவலாம். சிலிண்டரின் உட்சுவரில் ஆலையிலேயே நுண்ணிய கீறல்களை இடுகின்றனர். பிஸ்டனின் வளையங்கள் அவற்றின் மேடுகளைத் தேய்த்துச் சுவரோடு பொருந்துகின்றன. அத்தேய்மானம் பிழையன்று, தேவையானது. அது செம்மையாக நிகழ்ந்தால்தான் எரிவாயுவின் அழுத்தம் கசியாது நிற்கும். ஆனால் தேய்ந்த உலோகத்தூள் எண்ணெயில் மிதக்கிறது. அதை நெடுநாள் சுழலவிட்டால், பொருந்திய பரப்பையே அது அராவும். எனவேதான் பல கையேடுகள் முதல் 500 கிலோமீட்டர் அளவிலேயே எண்ணெயை மாற்றச் சொல்கின்றன.

இவ்வொழுக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1955இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட் வண்டியை வாங்கியோர், ‘ரன்னிங்-இன்’ முடியும்வரை அதை விரட்டமாட்டார்கள். அந்நாளில் இங்கிலாந்திலும், புதுக் காரின் பின்கண்ணாடியில் ‘பழக்கப்படுகிறது, முந்திச் செல்க’ என்ற பொருளில் அறிவிப்பு ஒட்டுவதுண்டு. இன்று உறுப்புகளின் கடைசலும் எண்ணெயின் தரமும் உயர்ந்துள்ளன. பழக்கும் காலமும் குறுகியிருக்கிறது. எனினும் நெறி மாறவில்லை. முழுவேகமும் ஆகாது, ஒரே வேகமும் ஆகாது, மேல் கியரில் முக்கி இழுக்கவிடுதலும் ஆகாது. மிதமான பாரத்தோடு வேகத்தை ஏற்றியிறக்கி ஓட்டுதலே நன்று.

கடன் தவணையைச் சுமக்கும் ஓட்டுநருக்கு இப்பொறுமை எளிதன்று. முதல்நாள் முதலே இருக்கை நிறைய ஆளேற்றினால்தான் தவணைக்குப் பணம் சேரும். எண்ணெய் மாற்றும் பொழுதோ வருவாயற்ற பொழுது. ஆயினும் அந்தச் சிறு செலவைத் தவிர்த்தவர் பின்னாளில் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் பெருஞ்செலவு செய்ய நேரும்; பழுது தீரும்வரை பிழைப்பும் நின்றுவிடும்.

பழைய இயந்திரம் தன் கழிவை ஊர்மீது உமிழ்ந்தது. புதியது அதை உடையவர் கையில் ஒப்படைக்கிறது. காற்று தூய்மையுற நாம் ஏற்ற கடமை இது. வடித்தெடுத்த கரிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாது, மறுசுத்திகரிப்புக்குச் சேர்ப்பிப்பதும் அக்கடமையின் பகுதியே என்பதை மறவாதிருப்போமாக.