மார்மன் வம்சாவளித் தேடலும் அரக்கோணம் ரயில் குடும்பங்களும்

மார்மன்கள் எனப்படும் பிந்தைய நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபையாருக்கு முன்னோரைத் தேடுவது சமயக் கடமை. 1830ல் ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய இச்சபையில், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருப்பவர் ஒருவர் அதைப் பெறலாம். அதற்கு இறந்தவரின் பெயரும் ஊரும் காலமும் தெரிய வேண்டும். யூட்டா வம்சாவளிச் சங்கம் 1894ல் உருவானது இதற்காகத்தான். 1938 முதல் சங்கம் பல நாட்டுப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம்பிடித்தது. 1960களில் சால்ட் லேக் சிட்டி அருகே கருங்கல் மலையைக் குடைந்து அவற்றுக்குக் காப்பகம் கட்டினார்கள். ஃபேமிலிசர்ச் இணையதளம் 1999ல் வந்தது; சுமார் 24 லட்சம் சுருள்களை மின்வடிவாக்கும் பணி 2021ல் முடிந்தது. யாரும் கட்டணமின்றித் தேடலாம்.

யூத இனப்படுகொலையில் மாண்டவர்களுக்கும் இப்படி ஞானஸ்நானம் நடந்தது தெரியவந்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு. 1995ல் சபை அதை நிறுத்த ஒப்புக்கொண்டது.

மார்மன் ஊழியர்கள் சென்னைக்கு வந்தது 1853ல். அவர்களில் ஒருவரான, ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன் மறு ஆண்டே கப்பலேறிவிட்டார். சபை அப்போது இங்கே வேரூன்றவில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் மார்மன் மூதாதையரைத் தேடுவதைவிட, மார்மன்கள் திரட்டிவைத்ததில் நம் மூதாதையரைத் தேடுவதே பலன் தரும். அதிகப் பலன் கண்டவர்கள் ஆங்கிலோ இந்திய ரயில் குடும்பத்தார்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய ரயில் அரக்கோணம் வழியாகச் சென்றது. பிறகு ரேணிகுண்டாவுக்கும் செங்கல்பட்டுக்கும் பாதைகள் பிரிய, ஊர் பெரிய சந்திப்பாயிற்று. டிரைவர்களும் கார்டுகளும் ஃபிட்டர்களும் ரயில்வே குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். 1947க்குப் பின் பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று தேடுகிறார்கள்.

சென்னை மாகாணத் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை லண்டனுக்கு அனுப்பிவந்தன. 1698 முதல் 1948 வரையிலான அந்த ஏடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சங்கம் அவற்றையும் படம்பிடித்தது. ஞானஸ்நானப் பதிவின் ஒரே வரியில் குழந்தை பிறந்த நாள், பெற்றோர் பெயர், தந்தையின் தொழில், குடியிருந்த ஊர், பாதிரியாரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். மூத்த பிள்ளையின் வரியில் ஃபயர்மேனாக இருந்த தந்தை, இளையவளின் வரியில் டிரைவராகியிருப்பார். ஊர் அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டைக்கு மாறியிருக்கும். திருமணப் பதிவில் மணமக்களின் தந்தை பெயரும் இருப்பதால் ஒரு தலைமுறை பின்னே போகலாம். கத்தோலிக்கப் பதிவுகள் இந்த நகல்களில் முழுமையாக இல்லை. அவற்றுக்குப் பங்குக் கோயிலின் ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

அதே தண்டவாளத்தைப் போட்ட தமிழ், தெலுங்குத் தொழிலாளர்களில் கிறிஸ்தவரல்லாத எவருக்கும் அந்த ஏடுகளில் ஒரு வரிகூடக் கிடையாது. இந்தப் பெரிய திரட்டின் ஆழமான குறை இது. இந்துக்களுக்காக ஹரித்துவாரின் பண்டாக்கள் எனப்படும் புரோகிதர்களின் வம்சாவளி ஏடுகளைச் சங்கம் படம்பிடித்தது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் வடநாட்டுக் குடும்பங்கள். இங்குள்ளவர்களுக்கு 1899ஆம் ஆண்டுச் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட ஏடுகள், சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவையே வழி. எல்லை மாறியதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: வடக்கே அடுத்துள்ள திருத்தணி 1911 வரை வட ஆற்காட்டிலும் பிறகு சித்தூர் மாவட்டத்திலும் இருந்து, 1960ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அங்கே பெண் எடுத்த அரக்கோணத்துக் குடும்பம், பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடிச் சித்தூருக்கும் போக வேண்டியிருக்கும்.